பூஜையறைப் பித்தளை விக்கிரகங்கள்: எதை வாங்கலாம், எதைக்கொண்டு துலக்கலாம்

கடைத் தட்டில் வரிசையாக நிற்கிற பித்தளைப் பிள்ளையார்களில் எதைக் கையில் எடுத்தாலும் முதல் நாள் ஒரே பளபளப்புதான். சில மாதம் பூஜையில் இருந்த பிறகுதான் குணம் தெரியும். ஒன்று துலக்கத் துலக்க மெருகு கூடிக்கொண்டே போகும். இன்னொன்றின் கைமடிப்பிலும் காதோரத்திலும் பச்சைக் களிம்பு பூக்கும். மூன்றாவதில் மேல்பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து, எதைப் போட்டுத் தேய்த்தாலும் பழைய நிறம் திரும்பாது. வீட்டில் நாம் எப்படித் தேய்க்கிறோம் என்பதைவிட, எந்த வகையை வாங்கினோம் என்பதுதான் இதில் பாதிக்கு மேல் முடிவு செய்கிறது. அதனால் இந்த மதிப்பீட்டில் வாங்குவதையும் பராமரிப்பதையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக் கடைகளில் இன்று "பித்தளைச் சாமி சிலை" என்று விற்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். உத்தரப் பிரதேசத்து அலிகார், மொராதாபாத் பக்கமிருந்து வரும் மணல் வார்ப்புச் சிலைகள் முதல் வகை. சுவாமிமலையிலும் கும்பகோணம் வட்டாரத்திலும் மெழுகு வார்ப்பில் செய்பவை இரண்டாவது. கல் பதித்தோ "ஆண்டிக்" நிறம் ஏற்றியோ வருகிற அலங்காரச் சிலைகள் மூன்றாவது. பித்தளையே இல்லாமல் பித்தளை நிறம் மட்டும் கொண்டவை நான்காவது.

அலிகார் வார்ப்பு

மயிலாப்பூர் மாட வீதியிலும் கும்பகோணம் கடைத்தெருவிலும் இணையத்திலும் விற்பதில் பெரும்பங்கு இதுதான். ஒரு மாதிரி உருவத்தை மணல் பெட்டியில் இரண்டு பாதியாகப் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஒரே மாதிரியிலிருந்து நூற்றுக்கணக்கில் வார்க்கலாம் என்பதால் விலை குறைவு. உலோகம் செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் பித்தளை. கடைசல் எளிதாக வர வேண்டும் என்று கொஞ்சம் ஈயமும் சேர்ந்திருக்கும்.

இதை மட்டம் என்று ஒதுக்குவது சரியில்லை. 3 அங்குலத்திலிருந்து 5 அங்குலம் வரை, ஆபரண வேலை அதிகமில்லாத பிள்ளையார், தவழும் கிருஷ்ணன், லட்சுமி ஆகியவற்றில் நல்ல வார்ப்பு கிடைக்கிறது. கெட்டியாக இருக்கும், விழுந்தாலும் தாங்கும். அன்றாடப் பூஜைக்குக் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். குறை வருவது முகத்தில். நுணுக்கங்களை வார்ப்புக்குப் பிறகு உளியால் அவசரமாகக் கீறுவதால் கண்கள் ஒன்றுக்கொன்று கோணலாக இருக்கும், விரல்கள் பிரியாமல் ஒரே பட்டையாக நிற்கும். உருவ அமைப்பும் வடநாட்டு முறைதான். உடையின் கொசுவமும் கிரீடமும் நம் கோயில் உற்சவர் மாதிரி இருக்காது. அது குற்றமில்லை. ஆனால் மனத்தில் உற்சவர் முகத்தை வைத்துக்கொண்டு இணையத்தில் படம் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வாங்கும்போது சிலையைப் பக்கவாட்டில் திருப்பி, தலையிலிருந்து பீடம் வரை விரலை ஓட்டுங்கள். மணல் பெட்டியின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு தட்டுப்படும். அதைச் சுத்தமாக அராவி எடுத்திருந்தால் வேலை செய்தவர் பொறுமையானவர் என்று பொருள். அது அப்படியே இருந்தால் மற்ற இடங்களிலும் அவசரம்தான் நடந்திருக்கும். பிறகு முதுகையும் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஊற்றும்போது காற்று சிக்கினால் ஊசிமுனை ஓட்டைகள் விழும். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தால் பெரிய ஓட்டையை ஈயப்பற்று வைத்தோ ஒட்டுமாவு அடைத்தோ மறைத்திருக்கிறார்கள். அபிஷேக நீர் அந்த விளிம்பில்தான் உள்ளே இறங்கும், களிம்பும் அங்கேதான் தொடங்கும். அப்படிப்பட்டதை வாங்கவே வேண்டாம். கடைசியாகக் கண்ணாடிப் பலகை மேல் நிறுத்தி பீடத்தின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஆடினால் வேறு கேளுங்கள்.

சுவாமிமலை மெழுகு வார்ப்பு

விலை பல மடங்கு கூடும். ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் கொடுக்கத் தகுந்ததா என்று முடிவெடுக்க முடியும். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயோடு காய்ச்சிய கலவையில் ஸ்தபதி முதலில் உருவத்தைக் கையால் செய்கிறார். அளவுக்குத் தென்னை ஓலைக் கீற்று. உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவு முறைப்படி மடித்து, முகம், கழுத்து, மார்பு, தொடை என்று பிரித்துக்கொள்கிறார்கள். விஷ்ணு, சிவன் போன்ற மூர்த்திகளுக்கு உத்தம தசதாளத்தில் மொத்த உயரம் 124 சம கூறுகள், தேவியருக்கு மத்தியம தசதாளத்தில் 120, பிள்ளையாருக்கும் பாலகிருஷ்ணனுக்கும் பஞ்சதாளம். பிள்ளையாரின் தலையும் வயிறும் பெரிதாக, கால்கள் குறுகி இருப்பது இந்தக் கணக்கில் வருவதுதான். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணை மூன்று பூச்சாகப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டி, சூடுகாட்டி மெழுகை வெளியே ஓடவிடுகிறார்கள். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது. உலோகம் ஆறியதும் மண் கூட்டை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஓர் அச்சில் ஒரே ஒரு சிலை. அதன் பிறகு உளியும் அரமும் கொண்டு செய்யும் செதுக்கு வேலைக்குத்தான் பெரும்பாலான நாட்கள் போகின்றன.

காவிரிக் கரையின் அந்த மெல்லிய வண்டலால்தான் மெழுகில் இருக்கிற நகக்கீறல் அளவு நுணுக்கம்கூட உலோகத்தில் பதிகிறது. சுவாமிமலை உலோகச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கிற எல்லாம் அங்கே வார்த்தவை என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

"பஞ்சலோகம்" என்ற சொல்லைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். இப்போதைய வழக்கத்தில் செம்பு 80 சதவீதத்துக்கு மேல், மீதி பித்தளையும் கொஞ்சம் ஈயமும், பெயருக்கு வெள்ளியும் தங்கமும். வார்க்கும்போது வீட்டார் விரும்பினால் தங்களிடமுள்ள பொன்னையோ வெள்ளியையோ உலோகம் உருக்கும் மூசையில் போடுவதும் உண்டு. ஆகவே பஞ்சலோகச் சிலை செம்மை கலந்த பொன்னிறமாக இருக்கும். எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் அது பித்தளை. பித்தளையில் தவறில்லை, பஞ்சலோக விலைக்குப் பித்தளையை விற்பதில்தான் தவறு. பாலிஷ் போட்ட முன்பக்கத்தில் நிறம் ஏமாற்றும். பீடத்தின் அடியில் ஓரிடத்தில் அரத்தால் லேசாக அராவிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். பில்லில் "பஞ்சலோக விக்கிரகம், எடை இவ்வளவு" என்று எழுதித் தரச் சொல்வதும் நல்லது.

தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களில் பேரம் கிடையாது. ஆனால் பில்லும் உலோக விவரமும் தெளிவாக இருக்கும். முதன்முறை வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அங்கேதான். ஸ்தபதியின் பட்டறையில் சொல்லிச் செய்வதானால் மூன்றை முன்பே பேசிவிடுங்கள். சொல்கிற உயரத்தில் பீடமும், சுவாமியைச் சுற்றி நிற்கும் வளைவான திருவாசியும் சேருமா? "12 அங்குலம்" என்று கேட்டு வாங்கியதில் சுவாமியின் திருமேனி 8 அங்குலம்தான் என்று பிறகு தெரிந்து மனக்கசப்பு வருவது அடிக்கடி நடக்கிறது. கெட்டி வார்ப்பா, உள்ளே கூடா? பூஜைக்குக் கெட்டி வார்ப்பே மரபு. மூன்றாவது, மெழுகு நிலையில் படம் அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். கைநிலையோ ஆயுதமோ முகச் சாயலோ மாற்ற வேண்டுமானால் மெழுகில் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். உலோகமான பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கண் திறப்பதை மட்டும் கடைசியில் உங்கள் முன்னிலையில் செய்யச் சொல்லலாம், பட்டறைகளில் அதற்குத் தயங்குவதில்லை.

உருவத்தின் பொருளும் வார்ப்பின் தரமும்

விக்கிரகத்தின் பொருள் அதன் கையிலும் காலிலும் இருக்கிறது. வார்ப்பு மழுங்கினால் அந்தப் பொருளும் சேர்ந்து மழுங்கிவிடுகிறது. அதனால் தரம் பார்ப்பதும் அமைப்பு பார்ப்பதும் எனக்கு ஒரே வேலைதான்.

நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். பின் வலக்கையில் உடுக்கை, படைத்தல். முன் வலக்கை அபயம், காத்தல். பின் இடக்கையில் தீ, அழித்தல். முயலகன் மேல் ஊன்றிய வலக்கால் மறைத்தல். தூக்கிய இடக்கால் அருளல். முன் இடக்கை யானைத் துதிக்கைபோல மார்பின் குறுக்கே வந்து, தூக்கிய திருவடியைச் சுட்டிக் காட்டுகிறது. சரணடைய வேண்டிய இடம் அது என்று சொல்கிற கை. மலிவான வார்ப்பில் முதலில் கெடுவது இந்தக் கைதான். மார்போடு ஒட்டிக்கொண்டு, விரல்கள் எதையும் சுட்டாமல் தொங்கும். உடுக்கை ஒரு கட்டியாகிவிடும். முயலகன் வெறும் மேடாக இருப்பான். காதையும் பாருங்கள். வலக்காதில் ஆடவர் அணியும் குண்டலமும் இடக்காதில் மகளிர் தோடும் இருக்க வேண்டும், அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியில் இருப்பதன் அடையாளம் அது. 6 அங்குலத்துக்குக் கீழே இவ்வளவும் மணல் வார்ப்பில் வராது. நடராஜர்தான் வேண்டுமென்றால் காசு சேர்த்து மெழுகு வார்ப்பில் வாங்குங்கள், இல்லையென்றால் வேறு மூர்த்தியை எடுங்கள். வாங்கும் முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜரை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால் கண்ணுக்கு அளவுகோல் கிடைத்துவிடும். இன்னொன்று, திருவாசி தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். சுடர்களுக்கும் விரிசடைக்கும் நடுவே துணி நுழையாது. கழற்ற முடியாத நடராஜரை யாராலும் முழுதாகத் துலக்க முடியாது.

பிள்ளையாரில் பார்க்க வேண்டியவை குறைவு. பாசம், அங்குசம், ஒடிந்த தந்தம், மோதகம் நான்கும் அடையாளம் தெரிய வேண்டும். ஒடிந்திருப்பது அவருடைய வலத் தந்தம். துதிக்கை இடப்பக்கம் திரும்பியதே வீட்டுப் பூஜைக்கு வழக்கம். வலம்புரிக்கு நியமம் அதிகம் என்பார்கள். பெருமாளுக்கு மேல் வலக்கையில் சக்கரமும் இடக்கையில் சங்கும். வேகமாக வார்த்த சிலைகளில் இந்த இரண்டும் தேய்ந்து ஒரே வட்டமாகத் தெரிவதுண்டு. திருவேங்கடமுடையானின் கீழ் வலக்கை திருவடியைக் காட்டும், இடக்கை இடுப்பருகே இருக்கும். லட்சுமிக்கு மேல் இரண்டு கைகளிலும் தாமரை. முருகனின் வேல் பெரும்பாலும் தனியாகச் செய்து செருகியதாகவே வரும். அது கழன்று தொலையாமல் இறுக்கமாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

வீட்டில் வைக்கும் விக்கிரகம் கட்டைவிரல் கணு அளவிலிருந்து ஒரு சாண் வரைதான் இருக்கலாம் என்பது மச்ச புராணம் சொல்லும் அளவு. சாஸ்திரத்தை ஒரு பக்கம் வைத்தாலும், ஒரு சாணுக்கு மேலே போனால் தினசரி அபிஷேகமும் துலக்கலும் நடைமுறையில் நின்றுபோகும். அந்த அளவுக்குள் வாங்குவதே நல்லது.

பித்தளைதானா என்று எப்படித் தெரியும்

காந்தம் ஒட்டினால் இரும்பு, அதோடு முடிந்தது. ஒட்டாவிட்டால் பித்தளை என்று சொல்லிவிட முடியாது. அலுமினியமும் துத்தநாகக் கலவையும்கூட காந்தத்தில் ஒட்டாது. உறுதியான வழி எடையும் நீரும். சமையலறைத் தராசில் சிலையை எடை போடுங்கள். விளிம்பு வரை நீர் நிரப்பிய பாத்திரத்தைத் தாம்பாளத்தில் வைத்து, சிலையை நூலில் கட்டி முழுதாக அமிழ்த்துங்கள். அடியில் பள்ளம் இருந்தால் சாய்த்துப் பிடித்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். வழிந்த நீரை மில்லி கணக்கில் அளந்து, கிராம் எடையை அதால் வகுக்க வேண்டும். 1,700 கிராம் சிலை 200 மில்லி நீரை வெளியேற்றினால் 8.5 வரும், அது பித்தளை. 7க்குப் பக்கத்தில் வந்தால் துத்தநாகக் கலவை. 2.7 என்றால் அலுமினியம். அதற்கும் கீழே என்றால் பிசினும் கல்மாவும், மேலே தங்க நிறப் பூச்சு. பித்தளையா பஞ்சலோகமா என்று இந்தக் கணக்கால் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டு அளவையில் வரும் பிழையைவிடச் சிறியது. அதற்கு அராவிப் பார்த்து நிறம் அறிவதே வழி.

கல் பதித்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை, சிவப்புக் கற்களைப் பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள். வெந்நீரோ புளியோ பட்டால் கல் உதிரும், இடுக்கில் சேர்ந்த அழுக்கு போகாது. கூடத்தில் அழகுக்கு வைக்கலாம், பூஜைக்கு வேண்டாம். கறுப்பும் பச்சையுமாக ஆண்டிக் நிறம் ஏற்றியவையும் அப்படித்தான், ஒருமுறை புளி பட்டாலே நிறம் போய்விடும்.

ஆனால் சாதாரணமாகத் தெரிகிற பித்தளைச் சிலையிலும் ஒரு சிக்கல் இருக்கலாம். கறுக்காமல் இருக்க லாக்கர் என்ற, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சை அடித்திருப்பார்கள். அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுப் புளிக்கரைசல் வைத்து ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நிறம் வெளுத்திருந்தால் லாக்கர் இல்லை. சொட்டு முத்தாகத் திரண்டு நின்று எந்த மாற்றமும் இல்லையென்றால் லாக்கர் இருக்கிறது. லாக்கர் சிலைக்கு அபிஷேகம் செய்தால் கீறல் வழியே நீரும் பாலும் பூச்சுக்கு அடியில் போய்க் கரும்புள்ளியாகத் தங்கும், மேலே தேய்த்து எடுக்க முடியாது. பூஜைக்கு லாக்கர் இல்லாததையே கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டால் பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்து எடுக்கலாம். விளக்கு எரியாத, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். சூளையில் சுட்டு ஏற்றிய பூச்சு அசிட்டோனுக்கும் அசையாது. அதைத் துடைப்பதோடு விட்டுவிடுங்கள்.

துலக்குவதற்கு எது

புதுச் சிலையின் இடுக்குகளில் பாலிஷ் மெழுகு கறுப்பாக அடைந்திருக்கும். வெந்நீரில் கொஞ்சம் ஊறவிட்டு, பயத்தமாவும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு முதலில் அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் பூசுகிற சந்தனமெல்லாம் அங்கே கறுத்து நிற்கும்.

புளி நல்லது. ஆனால் பெரும்பாலானோர் அளவுக்கு மேல் நேரம் ஊறவைக்கிறார்கள். புளியின் அமிலம் கறுப்பு ஏட்டைக் கரைக்கிறது. அந்த வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் வைத்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் முதலில் கரைந்து, செம்பு மட்டும் மேலே தங்கும். சிலை இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரிவது அதனால்தான். அதை அழுக்கென்று நினைத்து மறுபடியும் புளி போட்டால் இன்னும் சிவக்கும். 6 அங்குலச் சிலைக்கு நெல்லிக்காய் அளவு புளியை கால் டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து, நாரும் கோதும் இல்லாமல் வடிகட்டுங்கள். துணியில் தொட்டுப் பூசி, மென்மையான தூரிகையால் இடுக்குகளைத் துலக்கி, ஓடும் நீரில் கழுவுங்கள். ஒரு லிட்டர் நீரில் அரை ஸ்பூன் சமையல் சோடா கரைத்து ஒருமுறை அலசினால் மடிப்பில் தங்கிய அமிலம் முறிந்துவிடும். பிறகு நல்ல நீரில் இரண்டு முறை. உடனே பருத்தித் துணியால் ஒற்றி, இளவெயிலில் கால்மணி நேரம் வையுங்கள். ஆழ்குழாய் நீரில் தானாகக் காயவிட்டால் உப்புப் படிந்து வெள்ளைப் புள்ளி வரும்.

புளியோடு கல்லுப்புச் சேர்த்துத் தேய்ப்பது அண்டா குண்டாவுக்குச் சரி. விக்கிரகத்துக்கு ஆகாது. உப்பு மடிப்புகளில் தங்கினால் ஈரம் பட்ட போதெல்லாம் அங்கே வெளிர்ப் பச்சைப் பொடி பூக்கும். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்துவிட்டால் மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, சில நாள் உப்பு இறங்கவிட்டு நன்றாகக் காயவைக்க வேண்டும். எலுமிச்சம்பழம் புளியைவிடக் கடுமை, விக்கிரகத்துக்குத் தேவையில்லை.

பீதாம்பரி போன்ற பொடிகள் வேகமாக வேலை செய்யும். அவசரத்துக்குக் குத்துவிளக்குக்கும் தாம்பாளத்துக்கும் நான் பரிந்துரைப்பேன். சிலையில் போடுவதானால் பொடியை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்து உடனே கழுவுங்கள், இடுக்கில் பொடி தங்கக்கூடாது. பிராஸ்ஸோ போன்ற திரவ பாலிஷ்கள் கண்ணைப் பறிக்கும் பளபளப்பைக் கொடுக்கும். ஆனால் மெல்லிய உராய்வுப் பொடியும் எண்ணெய்ப் பசையும் கலந்தவை என்பதால், காய்ந்ததும் மடிப்பில் வெள்ளையாகத் தங்கும். அடிக்கடி போட்டால் முகத்தின் கூர்மை தேயும். தீர்த்தம் எடுக்கிற மூர்த்திக்கு அந்த வாடையும் ஒத்துவராது. காட்சிக்கு வைக்கிற பெரிய சிலைக்கு எப்போதாவது போடலாம். கழிப்பறை அமிலத்தைத் தொடவே கூடாது. நிமிடத்தில் வெளுத்துக் காட்டும், உலோகத்தின் மேல்தோலையே அரித்துவிடும்.

எல்லாவற்றிலும் எனக்கு மனநிறைவு தருவது விபூதிதான். புளியில் கறுப்பு போன பிறகு, முழுதும் காய்ந்த சிலையில், வஸ்திரகாயம் செய்த, அதாவது துணியில் சலித்த பசுஞ்சாண விபூதியைக் காய்ந்த பருத்தித் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் கண்ணைக் கூசாத, ஆழமான மெருகு வரும். புளி விட்டுப்போன இளஞ்சிவப்புத் திட்டும் இதில் மெல்ல மறையும். சலிக்காமல் தேய்த்தால் மணல் துணுக்கு கீறிவிடும் என்பதால் துணியில் சலிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாராவாரம் வெள்ளிக்கிழமை புளி போடுவது வேண்டாம். புளி மாதம் ஒருமுறை போதும், இடையில் விபூதியும் காய்ந்த துணியும். தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த பழைய விக்கிரகங்களில் மூக்கும் கண்ணும் மழுங்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே புரியும்.

அபிஷேகமும் சந்தனமும்

நெய்யும் எண்ணெயும் செம்போடு சேர்ந்தால் பச்சைப் பசையாகும். தயிரும் பஞ்சாமிர்தமும் புளிப்பால் உலோகத்தைக் கரைக்கும். அதனால் ஒவ்வொரு திரவியத்துக்கும் நடுவே நீர் விடுகிற முறையைச் சுருக்க வேண்டாம். முடிந்ததும் பயத்தமாவோ பூந்திக்கொட்டை நீரோ கொண்டு பசையை எடுத்து, கைமடிப்பு, காதுப் பின்புறம், பத்மபீடத்தின் இதழடி மூன்றையும் துணிமுனையால் உலர்த்துங்கள். தயிர், பால் பிரசாதத்தை உடனே எடுத்துவிட வேண்டும், சிலை நின்ற தாம்பாளத்தில் மணிக்கணக்கில் விடக்கூடாது. பித்தளையில் ஈயமும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். புளி போட்ட அன்று அலசிய நீரைத் தீர்த்தமாகக் கொடுக்காதீர்கள்.

சந்தனத்தைக் காயவிட்டு நகத்தால் பெயர்க்காமல், மறுநாள் ஈரத்துணியால் நனைத்து இளக்கி எடுங்கள். கடைக் குங்குமத்தின் சாயம் பித்தளையில் பிடித்துக்கொள்ளும், நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் வைத்தால் பிடிக்காது. கர்ப்பூரத்தை மூர்த்திக்கு ஓரடியாவது தள்ளி ஏற்றினால் புகைக் கரி முகத்தில் படியாது. மாலையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். எடுத்துவைக்கும்போது பழைய மல் வேட்டித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் எப்படியும் சீக்கிரம் கறுக்கும், அதற்கு வாங்கின கடையைக் குறை சொல்ல முடியாது.

உடைந்தால், ஊர் மாறினால்

வேலோ திருவாசிச் சுடரோ முறிந்தால் ஸ்தபதியிடம் கொடுத்து வெள்ளிப்பற்று வைக்கச் சொல்லுங்கள். ஈயப்பற்று மலிவு, ஆனால் சிறு அடியிலேயே விட்டுவிடும், நிறமும் தனியாகத் தெரியும். பிசின் ஒட்டு அபிஷேக வெந்நீரில் இளகும். முகமோ கையோ காலோ பின்னமாகிவிட்டால் பூஜையில் வைப்பதில்லை என்பது பொது வழக்கு. குடும்பப் புரோகிதரைக் கேட்டு, அதே உலோகத்தை உருக்கிப் புதிதாக வார்க்கலாம். சுவாமிமலைப் பட்டறைகள் பழைய உலோகத்தை எடை போட்டு எடுத்துக்கொள்கின்றன. பெரிய சிலை என்றால் உருக்குவதை நேரில் நின்று பார்ப்பது நல்லது.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் தேதியும் உலோகமும் எடையும் எழுதிய பில்லைச் சிலையோடு வைத்திருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிலையை நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. புதுச் சிலையாக இருந்தாலும் பழைய பாணியில் இருந்தால் சுங்கத்தில் கேள்வி வரும். தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அன்று" என்ற சான்றிதழைப் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஆண்டிக் நிறம் ஏற்றிய சிலைக்கு இது கட்டாயம் தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டன் காலத்து விக்கிரகம் வீட்டில் இருந்தால் அதைப் பாலிஷுக்குக் கொடுக்கும் முன் எவ்வளவு பழையது என்று விசாரியுங்கள். பட்டறையின் சுழல் பாலிஷ் சக்கரம் பட்டால் பழைய உளி வேலை பத்து நிமிடத்தில் போய்விடும், அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.